வண்டி கூறும் சாட்சியம்

ஒருபுறம் தேயிலைச் சரிவு. மறுபுறம் ஆழ்ந்த பள்ளம். இடையே வளைந்து நெளிந்து செல்லும் ஒடுங்கிய வீதி. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் வாழும் நமக்கு இக்காட்சி பழகிப்போன ஒன்று. தோட்டத்துப் பிள்ளை பாடசாலைக்குச் செல்வதும், நோயாளி வைத்தியசாலையை அடைவதும், கொழுந்து தொழிற்சாலை சேர்வதும் இவ்வீதிகளின் வழியேதான். ஆதலின் பஸ், லொறி விபத்துக்களைப் பற்றிய ஆராய்ச்சி நமக்கு வெறும் ஏட்டுப் படிப்பன்று.

2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா, றதல்ல பகுதியில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த மாணவர்களின் பஸ் ஒரு வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி 7 உயிர்கள் பிரிந்தன. 2025 மே 11 ஆம் திகதி விடியற்காலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ், கொத்மலை கரண்டிஎல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரிலேயே எல்ல–வெல்லவாய வீதியில் மேலும் 15 பேரை இழந்தோம்.

பொதுவாக, விபத்தொன்று நிகழ்ந்ததும் ஊரில் இரண்டு பேச்சுக்கள் எழும். ‘பிறேக் பிடிக்கவில்லை’ என்பர் ஒரு சாரார். ‘சாரதி கண்ணயர்ந்துவிட்டார்’ என்பர் மறு சாரார். சாரதி இறந்துவிட்டால் மறுத்துரைக்க அவருக்கு நாவில்லை. பிழைத்துவிட்டாலோ அவர் கூற்றை நம்புவார் இல்லை. இந்நிலையில் பொய் சொல்ல அறியாத சாட்சி ஒன்று உண்டாயின் எவ்வளவு நன்று! அச்சாட்சி வண்டியேதான்.

இக்கருத்து புதிதன்று. ஐரோப்பிய நாடுகளில் லொறிகளிலும் பஸ்களிலும் ‘டாக்கோகிராஃப்’ என்னும் கருவியைப் பொருத்த வேண்டுமென்ற விதி 1970 ஆம் ஆண்டிலேயே பிறந்தது. மெழுகு பூசிய வட்டத் தாளொன்று 24 மணி நேரத்தில் ஒருமுறை சுழலும். கூரிய ஊசி அதன்மீது வேகத்தையும், ஓடிய தூரத்தையும், ஓய்ந்திருந்த நேரத்தையும் கீறிச் செல்லும். பிரித்தானியச் சாரதிகள் இதனை ‘வண்டிக்குள் இருக்கும் ஒற்றன்’ என்று வெறுத்தனர். 2006 முதல் அங்கே புதிய வண்டிகளில் தாளின் இடத்தை மின்னணுப் பதிவு பெற்றுக்கொண்டது. இந்தியாவிலும் 2019 முதல் புதிய பொதுப் பயணிகள் வண்டிகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி விதிக்கப்பட்டது.

இக்காலத்துப் பெரிய வண்டிகள் பலவற்றில் இயந்திரத்தை ஆளும் சிறு கணினி ஒன்று உண்டு. வண்டியின் வேகம் திடீரெனக் குறைந்தால், அதற்கு முந்திய வினாடிகளின் வரலாற்றை அது சேமித்து வைக்கும். வேகம் எவ்வளவு, இயந்திரம் எத்தனை சுற்றுச் சுழன்றது, பிறேக் மிதிக்கப்பட்டதா என்பனவெல்லாம் அதில் அடங்கும்.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் இங்கே ஒரு நயத்தைக் காணலாம். இயந்திரச் சுழற்சியையும் வண்டியின் வேகத்தையும் ஒப்பிட்டால் எந்தக் கியரில் வண்டி இறங்கியது என்பது புலப்படும். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச் சாரதிகள் அறிந்த பாடம். மேல் கியரில் இறங்கினால் இயந்திரத்தின் தடுப்பாற்றல் குறைந்து, சுமை முழுவதும் பிறேக்கின்மீது விழும். அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிறேக்கை நெடுநேரம் மிதித்தும் வேகம் தணியவில்லையெனப் பதிவு காட்டினால், ஆராய்வோர் பிறேக்கின் பக்கம் திரும்புவர். மிதித்த அடையாளமே இல்லையாயின், அயர்ச்சியும் கவனக்குறைவும் கேள்விக்குள்ளாகும்.

எனினும் கருவியின் சொல்லை வேதவாக்காகக் கொள்ளலாகாது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்போது, வண்டி விரைந்து செல்லினும் கருவி குறைந்த வேகத்தையே காட்டக்கூடும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வினாடிக்குள் வண்டி ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடும். மலை வளைவில் அவ்வளவு தூரமே உயிருக்கும் மரணத்துக்கும் இடைவெளியாகலாம். செங்குத்தான மலைகளுக்கிடையே செய்மதிச் சமிக்ஞையும் தடுமாறும். ஆதலின் வீதியிலுள்ள ரயர்த் தடத்தையும், சிதைந்த பாகங்களையும், கண்டோர் வாக்கையும் பதிவோடு ஒப்புநோக்குதல் அவசியம். மேலும், விபத்துக்குள்ளான வண்டியை மீண்டும் இயக்கினால் பழைய பதிவு அழிந்துபோகவும் கூடும். முதலில் செய்யத்தக்கது அதனைத் தொடாது காப்பதேயாகும்.

இத்தனைக்கும் மேலாக நாம் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பதிவு சாரதியை மட்டும் காட்டிக்கொடுப்பதன்று. அவர் எத்தனை மணி நேரம் ஓய்வின்றி ஓட்டினார் என்பதையும் அது கூறும். ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் இளைப்பாற வேண்டும். அவ்வோய்வை மறுத்து வண்டியை அனுப்பியவர் எவரோ, அவரும் அப்போது விசாரணைக் கூண்டில் நிற்பார். ஒற்றன் என்று வெறுக்கப்பட்ட கருவி ஏழைச் சாரதிக்கு வழக்கறிஞனாகவும் அமையும் என்பது இதனால் விளங்கும்.

தேய்ந்த ரயரையும், அளவுக்கு மீறி ஏற்றிய கூட்டத்தையும், வேலியில்லாத வளைவையும் எக்கருவியும் தானே திருத்திவிடாது. அவற்றைத் திருத்துவது மனிதர் கடன். ஆயினும் எது திருத்தத்தக்கது என்பதை அறிய உண்மை வேண்டும். அவ்வுண்மை வண்டியோடு பள்ளத்தில் புதைந்துபோகாதிருக்க, நம் மலைநாட்டு வீதிகளில் ஓடும் ஒவ்வொரு பஸ்ஸிலும் லொறியிலும் இத்தகைய பதிவும், விபத்தின்பின் அதனை ஆராயும் ஒழுங்கும் அமைதல் வேண்டும். மாண்டவர்க்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலி, அடுத்த வளைவில் இன்னொருவர் மாளாதிருக்கச் செய்வதேயன்றோ?