சட்டைக்கு உண்டு; மூளைக்கு இல்லை!

தோழர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். பல்லடத்தை அடுத்த சிற்றூர். தெருவில் கால் வைத்ததும் விசைத்தறியின் ஓசைதான் நம்மை வரவேற்கும். கூட்டமென்றால் கொடி கட்ட முதலில் வருபவர் அவர். ஒலிபெருக்கி கெட்டுவிட்டால், தம் தொண்டையையே ஒலிபெருக்கியாக்கிக் கொள்பவர். அன்று நம்மைக் கண்டதும் எழ முயன்றார், வலக்கை இசையவில்லை. "வாங்க" என்று சொல்ல வாய் திறந்தார். முதல் எழுத்தைத் தாண்டிச் சொல் வரவில்லை. மீதி வரவேற்பைக் கண்கள் கூறின.

என்ன நேர்ந்தது என்று துணைவியாரைக் கேட்டோம்.

"தலைவலி, ஒண்ணு ரெண்டாத் தெரியுதுன்னாருங்க. படம் எடுத்துப் பார்த்துட்டு, மூளைக்குள்ள ரத்தக்குழாய் வீங்கிக் கிடக்குதுன்னாங்க. மண்டையைத் திறக்காம, தொடை வழியாக் கம்பி விட்டே சரி பண்ணிப் போட்டாங்க. நாலாம் நாள் நடந்து வந்தாருங்க. மாத்திரை ரெண்டு கொடுத்தாங்க. வயிறு எரியுதுன்னாரு. மருந்துக் கடையில கேட்டா, 'இது நெஞ்சுவலிக்காரங்க திங்கிறதாச்சே'ன்னாங்க. எங்க பெரிய மாமன், 'ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை, மூளையில குழாய் வீங்குனவனுக்கு எதுக்கு? ஒடைஞ்சு போயிராதா?'ன்னு கேட்டாருங்க. நாயமாத்தானுங்க தெரிஞ்சுது."

இருபதாம் நாள் மாத்திரை நின்றது. அடுத்த பன்னிரண்டு நாட்களுக்குள், தறியில் தார் மாற்றிக்கொண்டிருந்தபோது கையும் நின்றது. தறி மட்டும் நிற்கவில்லை! பக்கத்துத் தறிக்காரர் ஓடிவந்து அணைத்து, வண்டி பிடித்து, கோவைக்குக் கொண்டு சேர்த்ததால் உயிர் தப்பியது. வெடிக்குமே என்று அஞ்சிய வீக்கம் வெடிக்கவில்லை. அதை அடைக்க வைத்த கம்பி வலையில் இரத்தம் உறைந்து, மூளையின் ஒரு பகுதிக்குப் போகும் பாதையை மூடிவிட்டது!

மாமன் கேட்ட கேள்வியை மடமை என்று தள்ளிவிட மாட்டோம். அறிவுள்ளவன் கேட்கவேண்டிய கேள்விதான் அது. பகுத்தறிவு பேசும் நாம், அதற்கு விடை தேடாமல் விடலாமா?

மூளையின் அடிப்புறத்தில் இரத்தக் குழாய்கள் கிளை பிரியுமிடங்களில், சுவர் நலிந்து, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைத்துக் கொள்வதுபோல் புடைத்துக் கொள்வதுண்டு. அனியூரிசம் என்கிறார்கள் மருத்துவர்கள். வயது வந்தோரில் நூற்றுக்கு மூவருக்கு இருக்கக்கூடும் என்பது கணக்கு. அஞ்சவேண்டாம், பெரும்பாலோர்க்கு அது ஆயுள் முழுதும் வெடிப்பதேயில்லை. வெடித்துவிட்டாலோ, வாழ்நாளில் கண்டிராத தலைவலி, இடி இறங்கியதுபோல் ஒரு நொடியில் வந்து தாக்கும். பீடியும் சிகரெட்டும், கவனிக்காமல் விட்ட இரத்தக் கொதிப்பும் அதற்குத் துணைபோகும் கயவர்கள்.

முன்பெல்லாம் மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் கவ்வி மாட்டுவதே வழி. 1990-ல் குக்லியெல்மி என்ற இத்தாலிய மருத்துவர், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மயிரிழை போன்ற பிளாட்டினச் சுருளைக் குழாய் வழியே அனுப்பி, புடைப்புக்குள் நூற்கண்டுபோல் சுருட்டி நிரப்பி அடைத்துக் காட்டினார். 2002-ல் 2143 நோயாளிகளை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வொன்று வெளிவந்தது. புடைப்பு வெடித்த பின் வந்தவர்கள் அவர்கள். ஓராண்டு கழித்து, இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ இயலாதோரும், மண்டை திறந்தவர்களில் நூற்றுக்கு 31 பேர். சுருள் வைத்தவர்களில் 24 பேர். நூற்றில் ஏழு குடும்பத்தின் கண்ணீர் துடைக்கப்பட்டது சிறு செய்தியா? 2024 அக்டோபரில் நடிகர் ரஜினிகாந்துக்குச் சென்னையில், இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாயின் வீக்கத்தை அறுக்காமலே அடைத்தார்களே, அதுவும் இந்த முறைக்கு உறவுமுறைதான். இடம் வேறு, குழாயின் பருமன் வேறு.

புடைப்பின் வாய் அகன்றிருந்தால் சுருள் நிற்காது, நழுவும். அப்போது ஸ்டென்ட் எனும் கம்பி வலைக் குழாயைத் தாய்க்குழாயில் அணையாக வைப்பார்கள். இன்னும் நெருக்கமாகப் பின்னிய வலையும் உண்டு. சுருளே இல்லாமல், இரத்த ஓட்டத்தை நேராகப் போகச் செய்வது அது. கொங்குநாட்டு உழவருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? வாய்க்கால் கரை அரித்துக் குழி விழுந்தால், குறுக்கே தட்டி கட்டி நீரை நேரே விட்டால், குழியில் தானே வண்டல் படிந்து தூர்ந்துவிடுமல்லவா!

இங்கேதான் மாமனுக்கு விடை இருக்கிறது. வலை உலோகம். இரத்தம் அதை உறவாகக் கருதாது. ஊடுருவிய அந்நியனாகவே கருதும். காயம் பட்ட இடத்துக்கு ஓடிவந்து அடைக்கும் தட்டணுக்கள், இங்கும் ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். சில திங்கள் சென்றால் குழாயின் உள்தோல் வளர்ந்து வலையை மூடிக்கொள்ளும்; பிறகு அபாயம் வெகுவாகக் குறையும். அதுவரை தட்டணுக்களை அடக்கிவைக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஆஸ்பிரின்! பெரும்பாலும் குளோபிடோக்ரல் என்ற கூட்டாளியும் சேர்ந்தே வருவார். வெடிக்கக்கூடிய வீக்கம் ஒரு பகை; அதை அடைத்த வலையில் உறையக்கூடிய இரத்தம் இன்னொரு பகை. மாமன் முதற்பகையை எண்ணிப் பேசினார். மாத்திரையோ இரண்டாவதை எதிர்க்க வந்தது.

இந்த ஆஸ்பிரினின் வரலாறு சுவையானது. வில்லோ மரப்பட்டையின் காய்ச்சல் தீர்க்கும் குணத்திலிருந்து பிறந்த மருந்து. 1897-ல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தில் உருவாயிற்று. பெயர் கிடைத்தது ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் என்பவருக்கு. "என் வழிகாட்டலில்தான் அவர் செய்தார்" என்று ஆர்தர் ஐசென்க்ரூன் என்ற யூத வேதியியலார் 1949-ல் எழுதினார். ஏன் அத்தனை காலம் கழித்து? யூதராய்ப் பிறந்த குற்றத்துக்காக இட்லரின் ஆட்சி அவரை 1944-ல் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைத்து வைத்திருந்தது! நிறுவனம் அவர் கூற்றை ஏற்கவில்லை. வழக்கு வரலாற்றாசிரியர்களிடம் இருக்கிறது. பிறப்பை வைத்துப் பெயரை மறைப்பது எப்படியிருக்கும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

தலைவலி மாத்திரையாய் இருந்ததை இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தாகக் கண்டவரும் பெரும் பேராசிரியரல்லர். கலிபோர்னியாவில் லாரன்ஸ் கிரேவன் என்ற ஊர் மருத்துவர், தொண்டைச் சதை அறுத்துக்கொண்டவர்கள் ஆஸ்பிரின் கலந்த பசையை மென்றால் இரத்தம் நிற்க மறுக்கிறதே என்று கவனித்தார். அப்படியானால் மாரடைப்பைத் தடுக்குமே என்று 1950-ல் எழுதினார். பெரியோர் செவி சாய்க்கவில்லை. 1971-ல் இங்கிலாந்தின் ஜான் வேன் அது வேலை செய்யும் விதத்தை விளக்கினார்; 1982-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஒரு தட்டணுவின் ஆயுள் பத்து நாள் அளவு. ஆஸ்பிரின் தொட்ட தட்டணு, சாகும்வரை ஒட்டாது. ஆனால் எலும்புக்குள் நாள்தோறும் புதிய தட்டணு பிறந்துகொண்டே இருக்கிறது. ஆகவேதான் நாள்தோறும் மாத்திரை. நிறுத்தினால் பத்து நாளில் படை முழுவதும் புதிதாகிவிடும். நம் தோழரின் பன்னிரண்டு நாள் கணக்கு இப்போது புரிகிறதா?

எத்தனை நாள் சாப்பிடுவது? எல்லோர்க்கும் ஒரே விடையில்லை. சுருள் மட்டும் வைத்தவர்க்குச் சில மருத்துவர் குறுகிய காலம் தருவர், சிலர்க்குத் தேவையே இராது. வலை வைத்தவர்க்கு இரண்டு மாத்திரையும் மூன்று முதல் ஆறு திங்கள் வரையும், பிறகு ஆஸ்பிரின் மட்டும் ஓராண்டோ, பல ஆண்டோ, ஆயுளுக்குமோ தருவர். குளோபிடோக்ரல் கல்லீரலில் உருமாறினால்தான் வேலை செய்யும். அந்த உருமாற்றம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் நம் நாட்டில் பலர். அவர்க்கு மருந்தை மாற்றவேண்டியிருக்கும். ஆகவே, அவர் சாப்பிடுகிறார் என்று இவர் சாப்பிடுவதும், அவர் நிறுத்தினார் என்று இவர் நிறுத்துவதும் கூடாது.

இவ்வளவும் நம் தோழருக்கு எவரும் கூறவில்லையா? கூறினார்கள்! தாளில் கூறினார்கள்! துணைவியார் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினார். நான்கு பக்கம், நான்கும் ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தின் அடியில், 'டூ நாட் டிஸ்கன்டின்யூ' என்று அச்சடித்திருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாளாம், பொருள் விளங்கவில்லை. காப்பீட்டு அட்டை, கைமாற்றுக் கடன், தாலிக்கொடி நீங்கலாக இருந்த நகை, மூன்றையும் கொட்டி மூளைக்குள் வைத்த வலையின் கதி, அந்த மூன்று சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பிரினின் விலை? ஒரு தேநீர்க் காசில் ஒரு வாரத்துக்கு மேல் ஓடும்!

பத்துக் கல் தள்ளித் திருப்பூர். அங்கே நம் தங்கைமார் பனியனில் சிறு துணிச்சீட்டு ஒன்றை வைத்துத் தைக்கிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? வெந்நீரில் போடாதே, வெளுப்புத்தூள் சேர்க்காதே என்று, வாங்கும் நாட்டான் மொழியில், ஜெர்மனிக்கு ஜெர்மன், பிரான்சுக்குப் பிரெஞ்சு என்று அச்சிட்டு அனுப்புகிறோம். சட்டை சுருங்கிவிடக்கூடாது என்று அவ்வளவு அக்கறை! சட்டைக்கு உள்ள மதிப்பு, அதைத் தைப்பவன் மூளைக்கு இல்லையா?

மருத்துவத்துக்குத் தமிழில் சொல் ஏது என்பார்கள் சிலர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். அறுவை மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். கடல் கடந்து வந்தவருக்குக் கிடைத்த சொல், காந்திபுரத்தில் இருப்பவருக்குக் கிடைக்காதா? ஆஸ்பிரினுக்குப் புதுப்பெயர் சூட்டச் சொல்லவில்லை நாம். 'நிறுத்தாதே' என்ற ஒரு சொல்லைத் தமிழில் எழுதுங்கள் என்கிறோம். எந்த நாள் வரை, எவரைக் கேட்டு நிறுத்துவது, அழைக்கவேண்டிய எண் எது என்று சேர்த்து எழுதுங்கள் என்கிறோம். தமிழ்நாட்டில் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் முதலில் தொடங்கியது 1955 சனவரியில், இந்தக் கோவையில்தான். தன் கூலியில் பிடித்தம் கொடுத்து மருத்துவத்தைத் தாங்கிய ஊர்க்காரன் கேட்கும் கேள்வி இது, பிச்சையன்று.

அச்சாகும்வரை காத்திருக்காமல், கிளைத் தோழர்கள் மன்றத்துப் பலகையில் எழுதிவைக்கட்டும். மூளையிலோ நெஞ்சிலோ வலை வைத்தவர், பல் பிடுங்கவே போனாலும் மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்தலாகாது. வயிறு எரிந்தால் அதற்கு வேறு மாத்திரை சேர்த்துத் தருவார்கள்; மலம் கறுத்தால் அன்றே சென்று காட்டவேண்டும். கை கால் வலிக்குப் பெட்டிக்கடையில் வாங்கும் வலி மாத்திரை ஆகவே ஆகாது; ஆஸ்பிரினின் கையைக் கட்டுபவையும், குடலைப் புண்ணாக்குபவையும் அவற்றில் உண்டு. டெங்கு என்று ஐயமிருந்தால், காய்ச்சலோடு மருத்துவரிடம் இந்த மாத்திரைப் பேச்சையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இதுவரை எந்த நோயும் இல்லாதவருக்கு இடிபோல் தலைவலி வந்தால், ஆஸ்பிரினை எடுத்து வாயில் போடாமல், 108-ஐ அழைக்கவேண்டும். அங்கே மாமன் சொன்னது முற்றும் சரி!

சென்ற கிழமை தோழரோடு நாமும் மருத்துவரிடம் போயிருந்தோம். "ஐயா, இதைத் தமிழில் எழுதித் தாருங்கள்" என்றோம். நல்ல மனிதர். பேனாவை எடுத்து, தாளின் மேற்புறத்தில், 'இந்த இரண்டு மாத்திரையையும் என்னைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது' என்று எழுதினார். மகள் அதை உரக்கப் படித்தாள். தோழர் இடக்கையால் தாளை வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.