ஊருக்குப் போகிறீர்களா? காரைப் பூட்டினீர்களா?

எங்கள் நாங்குநேரிப் பக்கத்தில் பல வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வாசலில் கார் நிற்கும். ஓட்டுவதற்கு ஆள் இருக்காது. வீட்டுக்காரர் மும்பையிலோ துபாயிலோ இருப்பார். அல்லது மகள் பிரசவத்துக்கென்று தாயும் தகப்பனும் ஆறு மாதம் வெளிநாடு போயிருப்பார்கள். 'கார்தானே, சும்மா நிற்கட்டும்' என்று விட்டுவிட்டுப் போகிறோம். ஊறுகாய் ஜாடிக்குக்கூட எண்ணெய் ஊற்றி வேடு கட்டி வைக்கத் தெரிந்த நமக்கு, காரை எப்படி வைத்துவிட்டுப் போவது என்று தெரிவதில்லை.

நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2020 மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு வந்ததல்லவா? எங்கள் கார் இரண்டு மாதத்துக்கு மேல் அசையவில்லை. பிறகு சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி! பானெட்டைத் திறந்தால் உள்ளே வைக்கோலும் துணிக்கிழிசலுமாக எலிக்கூடு. ஒயரையும் கடித்து வைத்திருந்தது. மெக்கானிக் தம்பி வந்து பார்த்துவிட்டு, "நிறுத்தி வச்சா வண்டிக்கு ஓய்வுன்னு நினைக்கிய. அதுக்கு அதுதாங்க்கா நோவு" என்றார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் காரை உள்ளும் புறமும் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிள்ளைகள் சிந்திய பிஸ்கட் தூள், முறுக்குத் துண்டு எதுவும் ஸீட் இடுக்கில் இருக்கக்கூடாது. எலிக்கு நாம் வைக்கிற அழைப்புப் பத்திரிகை அதுதான். எலிக்காக அந்துருண்டையைப் போட்டு வைக்காதீர்கள். மிட்டாய் என்று குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து.

எஞ்சின் ஆயில் பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும். அது எஞ்சினை உள்ளேயே அரிக்கும். பெட்ரோல் டேங்க்கை ஏறக்குறைய நிரப்பி வையுங்கள். பாதி காலியாக இருந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று நிற்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது.

டயருக்கு அளவாகக் காற்று அடைத்து, சமதரையில் நிறுத்துங்கள். கை பிரேக்கைப் போட்டுவிட்டுப் போனால் மாதக்கணக்கில் நின்று பிரேக் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். மேலே போர்த்துவதற்குத் துணி உறைதான் நல்லது. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். எங்கள் ஊர் ஆடிக்காற்றுக்கு உறையின் நாலு மூலையையும் கட்டாவிட்டால் அது பறந்து பக்கத்து வயலில் கிடக்கும்!

மேடான இடமாகவும் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் கொட்டிய மழையை யார் மறப்பார்கள்? தண்ணீர் புகுந்த காரை மெக்கானிக் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஊரிலிருக்கும் உறவினரிடம், 'வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வையுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவோம். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடினால் பிரயோஜனமில்லை. சாலையில் இருபது நிமிடமாவது ஓட்ட வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் ஒருபோதும் எஞ்சினை ஓடவிடக்கூடாது. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. ஆளைத் தெரியாமல் கொன்றுவிடும்.

ஓட்ட ஆளில்லை என்றால் பாட்டரி இணைப்பைக் கழற்றி வைப்பார்கள். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது பிளஸ் முதலில். இதை மெக்கானிக்கைக் கொண்டே செய்யலாம்.

சகோதரிகளே, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. பாட்டரியைக் கழற்றியதும் ரிமோட் பூட்டு வேலை செய்யாது. 'பூட்டு விழவில்லையே, பரவாயில்லை, உள்ளே என்ன இருக்கிறது' என்று திறந்தபடியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் காரில் ஹாரன் அடிக்காது, கண்ணாடி இறங்காது. பின் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து கதவும் திறக்காது. ஒரு குழந்தை ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டால்?

வள்ளியூரைத் தாண்டினால் பணகுடி. அதன் அருகே லெப்பை குடியிருப்பில், 2022 ஜூன் மாதத்தில், வீட்டுப் பக்கம் நின்றிருந்த காருக்குள் விளையாட ஏறிய மூன்று சிறு குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்து போனார்கள். அந்தச் செய்தி கேட்ட அன்று எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி வரை சூடு ஏறிவிடும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகும்.

ஆகவே பாட்டரியைக் கழற்றுமுன், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றக் கதவுகளையும் டிக்கியையும் பூட்டிவிடுங்கள். பிறகு பாட்டரியைக் கழற்றி, பானெட்டை மூடி, டிரைவர் கதவைச் சாவியால் பூட்டுங்கள். ஒவ்வொரு கைப்பிடியையும் இழுத்துப் பாருங்கள். சாவி பீரோவுக்குள் போகட்டும். ஆணியில் தொங்க வேண்டாம்.

பிள்ளையைக் காணோம் என்றால் கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் தேடி ஓடுகிறோம் அல்லவா? அதோடு நின்றிருக்கும் கார்களையும், டிக்கி உட்பட, உடனே பாருங்கள். உள்ளே மாட்டியிருந்தால் சாவிக்கு ஓடி நேரத்தைப் போக்காதீர்கள். பிள்ளைக்குத் தள்ளியிருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் கல்லால் அடித்து உடையுங்கள். முன் கண்ணாடி லேசில் உடையாது. வெளியே எடுத்து நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள்.

துருப்பிடித்தால் தேய்த்துக்கொள்ளலாம், பாட்டரி போனால் வேறு வாங்கலாம். ஊருக்குப் புறப்படும்போது காஸ் சிலிண்டரை மூடினோமா, கொல்லைக் கதவைத் தாழிட்டோமா என்று இரண்டு தடவை பார்க்கிறோம். மூன்றாவதாகக் காரையும் ஒரு தடவை சுற்றி வந்து பாருங்கள்.