தன்னைத் தானே பெயர்க்கும் கருவி

கணிப்பொறி அறிவது பொறிமொழி ஒன்றையே. 'சி' முதலிய மொழிகளில் மாந்தர் எழுதும் நிரலைப் பொறிமொழியாகப் பெயர்ப்பது கம்பைலர் என்னும் மற்றொரு நிரலாம். அமெரிக்கராகிய ரிச்சர்டு ஸ்டால்மன் 1987-ஆம் ஆண்டில் ஜி.சி.சி. என்னும் கம்பைலரை, யாவரும் எடுத்தாளவும் திருத்தவும் உரிமையளித்து, மூலநிரலோடு வெளியிட்டார்.

அதுவும் அன்று சி மொழியில் எழுதப்பெற்றதே. ஆயின், கம்பைலரே இல்லாத புதிய பொறியில் அதனை நிறுவுவது எங்ஙனம்? கோழி முந்தியோ, முட்டை முந்தியோ என்னும் ஐயம் ஈண்டு எழும்.

விடை பழைய பொறியில் உளது. முதற்கண், புதிய பொறியின் கட்டளைகளை விளக்கும் பகுதியை மூலநிரலிற் சேர்த்து, பழைய பொறியில் இயங்கிப் புதியதன் மொழியை ஈனும் கம்பைலரைச் சமைப்பர். இதுவே குறுக்குப் பெயர்ப்புக்குக் கருவி. அதனால் அம்மூலநிரலையே மீண்டும் பெயர்ப்பின், புதிய பொறியில் இயங்கும் கம்பைலர் கிட்டும். அது அங்கே தன்னைப் பெயர்க்கும். பெயர்ந்து வந்தது மீண்டும் தன்னைப் பெயர்க்கும். இவ்விரண்டின் விளைவும் ஒத்திருத்தல் வேண்டும். ஒப்புமை பிழையின்மைக்கு முழுச் சான்றன்று. வேறுபடினோ பிழை உண்டென்பது தெளிவு.

மூலநிரல் மறைக்கப்பட்டிருப்பின் முதற்படிதானும் கைகூடாது. பொறி செய்தோர் தயவை எதிர்நோக்காது, கற்றவர் எவரும் இக்கருவியைப் புதிய பொறிக்குக் கொண்டு செல்லலாம் என்பதே அவ்வுரிமையின் பயனாம்.