களக்காடு-முண்டந்துறை புலிகள்: எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதுமா?

காரையாறு பக்கம் போகிற எல்லாரும் கேட்கிற கேள்வி, “இங்க புலி இருக்கா?” இருக்கு. 1988-ல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இது. ஆனால் ஆய்வாளர்களுக்கு அடுத்த கேள்விதான் முக்கியம்: வருஷத்துக்கு எத்தனை புலி பிழைக்குது, எத்தனை குட்டி வளருது?

எப்படி எண்ணுறாங்க?

நமக்குக் கைரேகை மாதிரி, புலிக்கு உடல் கோடுகள். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும்கூட வேறு. அதனால்தான் காட்டுப் பாதையின் இரு ஓரமும் தானியங்கி கேமரா வைக்கிறார்கள்.

சிக்காத புலியை என்ன செய்வது?

சிம்பிளான கணக்கு. முதல் சுற்றில் 10 புலி, இரண்டாவது சுற்றில் 8 புலி பதிவாகுது என்று வைத்துக்கொள்வோம். அந்த எட்டில் 4 ஏற்கெனவே பார்த்தவை. அப்படியென்றால் முதல் சுற்றில் நாம் பார்த்தது பாதிதான். மொத்தம் சுமார் 20.

பிழைப்பு விகிதம்

ஒரு வருஷம் படத்தில் வரவில்லை என்பதற்காகப் புலி செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. கேமராவில் சிக்காமல் போயிருக்கலாம், வேறு காட்டுக்கும் போயிருக்கலாம். அதனால் பல வருஷம் தொடர்ந்து பார்க்கணும். அண்டார்டிகாவில் சீல்களுக்கு டேக் மாட்டி இதையே செய்கிறார்கள்.

கர்நாடகாவின் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் குழு 1991 முதல் 2000 வரை 74 புலிகளைப் பதிவு செய்தது. ஆண்டுப் பிழைப்பு விகிதம் சுமார் 77%. மீதி இறந்தன அல்லது வெளியேறின. ஆனாலும் கூட்டம் சரியவில்லை. புதிதாக வளர்ந்த குட்டிகளும் வெளியிலிருந்து வந்த புலிகளும் இழப்பை ஈடுகட்டின.

ஏன் முக்கியம்?

ஒரு ஈற்றில் பெரும்பாலும் 2 அல்லது 3 குட்டி. அவை சுமார் இரண்டு வருஷம் தாயோடு இருக்கும், அதுவரை அடுத்த ஈற்று இல்லை. ஒரு தாய்ப்புலி போனால் அடுத்த தலைமுறையும் போச்சு.

தமிழ்நாட்டில் 2018-ல் 264 ஆக இருந்த புலிகள், 2022 மதிப்பீட்டில் 306. சந்தோஷம்தான். ஆனால் ஒரு வயசுக்குக் குறைந்த குட்டிகள் இந்தக் கணக்கில் வராது. தாமிரபரணி பிறக்கிற இந்த மலையில் புலி நிலைக்குமா என்பதை, அந்தக் குட்டிகளில் எத்தனை அடுத்தடுத்த வருஷங்களில் கேமரா முன் வருது என்பதுதான் சொல்லும்.