அகழ்வு இயந்திரமும் அறுந்த தொடர்பும்

கருவிகளுள் தனித்து நின்று தொழில் செய்வன சில. பிறவற்றோடு கொண்ட தொடர்பினாலன்றித் தொழில் செய்யாதன சில. செக்கும் தையற்பொறியும் முன்னைய வகையின. தொலைபேசியும் வானொலியும் பின்னைய வகையின. பிட்கொயின் முதலிய கிரிப்டோ நாணயங்களை அகழும் இயந்திரமோ பார்ப்பவர் கண்ணுக்கு முதல் வகையினதாகவே தோன்றும். இரவும் பகலும் ஓயாது தன்னுள்ளேயே அது கணக்கிட்டுக்கொண்டிருக்கின்றது. ஆயினும் அக்கணக்கின் பயன் ஒரு மெல்லிய வடத்தின் வழியாகவே வெளியுலகை அடைகின்றது. அவ்வழியில் ஊறு நேர்ந்தவிடத்து, இயந்திரம் எத்துணை வலியதாயினும் அதன் உழைப்பு விழலுக்கு இறைத்த நீராகும். அவ்வூறு எவ்விடத்தது என்பதனை முறைப்படி நாடிக் காணும் வழி யாது என்பது ஈண்டு ஆராயப்படுகின்றது.

இயந்திரத்தின் தொழில்

பிட்கொயின் திட்டத்தைச் சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயருடையார் 2008ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2009ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அந்நாணயத்தின் கொடுக்கல் வாங்கல்கள் தொகுதி தொகுதியாக ஒரு பொதுப் பேரேட்டிற் பதியப்படுகின்றன. புதிய தொகுதியைச் சேர்க்கும் உரிமை, ஒரு கடிய எண்புதிருக்கு முதலில் விடை காண்பவர்க்கே உரியது. விடை காண்பதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. எண்களை ஒவ்வொன்றாக இட்டு, எஸ்எச்ஏ-256 என்னும் முறையினால் ஹாஷ் எனப்படும் பெறுமானத்தைக் கண்டு, அது குறித்த எல்லைக்குள் அமைகின்றதா எனச் சோதிப்பதே வழியாகும். ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒரு தொகுதி அமையுமாறு, 2016 தொகுதிகளுக்கு ஒருமுறை புதிரின் கடுமை திருத்தப்படுகின்றது.

இச்சோதனையை மாத்திரமே செய்வதற்கென ஆக்கப்பட்ட இயந்திரங்களுள் ஒன்று, 2020இல் விற்பனைக்கு வந்த ஆன்ட்மைனர் எஸ்19 என்பது. அதன் ஒரு வகை செக்கனுக்கு ஏறத்தாழ 95 இலட்சம் கோடி சோதனைகளைச் செய்யும். அதற்கு வேண்டிய மின்வலு ஏறத்தாழ 3,250 வாற்று. நாள் முழுவதும் இயங்கின் 78 அலகு மின்சாரம் செலவாகும்.

தனியோர் இயந்திரம் முழுப் புதிருக்கும் விடை காண்பது மிக அரிது. ஆதலால் உரிமையாளர் பலர் பூல் எனப்படும் கூட்டுகளிற் சேர்ந்து, வரும் பயனை உழைப்பிற்கேற்பப் பகிர்ந்துகொள்வர். அத்தகைய முதற்கூட்டு 2010இல் தோன்றியது. கூட்டின் சேவையகம் இயந்திரத்திற்குப் பணியை அனுப்பும். இயந்திரமோ, முழுப் புதிரினும் எளிய ஓர் எல்லைக்குள் அமைந்த விடைகளைத் தன் உழைப்பிற்குச் சான்றாகத் திருப்பி அனுப்பும். இச்சான்றுகளே ஷேர் என வழங்குவன. இவ்விரண்டின் உரையாடலுக்கும் 2012இல் வகுக்கப்பட்ட ஸ்ட்ராட்டம் என்னும் நெறிமுறை பெரிதும் பயன்பட்டு வருகின்றது.

வேண்டுவது அகலமா, தொடர்ச்சியா?

இத்துணைப் பெருங் கணக்கைச் செய்யும் இயந்திரத்திற்கு மிகப் பெரிய இணைய வசதி வேண்டும் எனக் கருதுவோர் உளர். தொடர்பு தடைப்படுந்தோறும் கூடிய கட்டணமுள்ள இணைப்பை நாடுவதும் இக்கருத்தினால் விளைவதே. இஃது எத்துணைப் பொருந்தும் என நோக்குவாம். ஒரு தொகுதியின் தலைப்பு 80 பைற்று அளவினது. அதில் இயந்திரம் மாற்றி மாற்றிச் சோதிக்கும் நொன்ஸ் என்னும் எண்ணுக்கு 32 பிற்று இடமே உண்டு. அதில் அடங்குவன ஏறத்தாழ 429 கோடி எண்கள். மேற்கூறிய இயந்திரம் அவ்வெண்கள் முழுவதையும் ஒரு செக்கனின் இருபதினாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் முடித்துவிடும். அவ்வாறு முடிக்குந்தோறும் புதுப்பணி கேட்டுச் சேவையகத்தை அணுக வேண்டுமாயின் எந்த இணைப்பும் அதனைத் தாங்காது. ஸ்ட்ராட்டம் நெறிமுறை, தலைப்பில் அடங்கும் பிறிதொரு பகுதியையும் இயந்திரமே புதிது புதிதாக அமைத்துக்கொள்ள இடமளித்து இவ்விடரை நீக்கியது. ஆகவே இருபுறமும் செல்லும் செய்திகள் சில நூறு அல்லது சில ஆயிரம் பைற்று அளவினவே. சாதாரண வீட்டு இணைப்பே அவற்றுக்கு மிகையாகும்.

இயந்திரத்திற்கு வேண்டுவன தொடர்ச்சியும் காலந் தாழ்த்தாமையுமே. உலகில் எவரேனும் ஒரு புதிய தொகுதியைக் கண்டவுடன், மற்றையோர் கையிலுள்ள பழைய பணி பயனற்றுப்போகும். அச்செய்தி ஒரு செக்கன் பிந்தி வருமாயின், சராசரி 600 செக்கனில் ஒரு செக்கனின் உழைப்பு வீணாகும். இது நூற்றுக்கு 0.17 ஆகும். நாளொன்றில் நான்கு மணித்தியாலம் தொடர்பு அற்றிருப்பின் ஆறிலொரு பங்கு வருவாய் நீங்கும். இடைவிட்டு இடைவிட்டு அறுந்து மீளும் தொடர்பு இன்னும் வஞ்சகமானது. பார்க்கும் வேளையிலெல்லாம் இணைந்திருப்பது போலத் தோன்றி, நாள் முடிவிலேயே தன் இழப்பைக் காட்டும்.

முதற்கண் ஐயந் தீர்த்தல்

வருவாய் குறைந்தவிடத்து, குறை தொடர்பினதா இயந்திரத்தினதா என்பதை முதலில் தெளிதல் வேண்டும். இயந்திரத்தின் நிலையைக் காட்டும் வலைப்பக்கம் ஒன்று உண்டு. அதே வலையமைப்பிலுள்ள கணினியிலிருந்து அதனைத் திறந்து காணலாம். அதில் கூட்டு உயிருடன் உள்ளதெனக் காட்டப்பட்டு, கணக்கிடும் வேகம் மட்டும் மூன்றிலொரு பங்கு குறைந்திருப்பின், எஸ்19இன் மூன்று ஹாஷ் பலகைகளுள் ஒன்று பழுதாயிற்று என்று ஐயுறலாம். வடத்தை மாற்றுவதால் அது தீராது. கூட்டு செயலற்றதெனக் காட்டப்படின் தொடர்பை ஆராய்தல் தகும்.

இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் தொடக்குவதே பலரும் முதலிற் செய்வது. சிலவேளை அதனாற் பயன் விளைதலும் உண்டு. ஆனால் நிகழ்ந்தவற்றைக் குறித்துவைக்கும் பதிவேடு, மீளத் தொடக்கும்போது அழிந்துபோகக்கூடும். அங்ஙனம் அழியின், நோய் தீர்ந்தது போலத் தோன்றும். நோயின் காரணமோ மறைந்திருந்து மறுநாளும் வரும். ஆகவே பதிவேட்டைப் படியெடுத்து வைத்த பின்னரே இயந்திரத்தை நிறுத்துதல் வேண்டும்.

படிமுறை ஆராய்வு

இயந்திரம், வடம், ஆளி, ரவுட்டர் என்னும் வழிப்படுத்தி, இணைய சேவை நிறுவனம், கூட்டின் சேவையகம் என்பன ஒரு சங்கிலியின் கண்ணிகள் போல்வன. அருகிலுள்ள கண்ணியிலிருந்து தொலைவிலுள்ளதற்குச் செல்லுதல் ஒரு விதி. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் மற்றொரு விதி. வடத்தையும் ஆளியையும் ஒருங்கே மாற்றித் தொடர்பைப் பெற்றவர், எது பழுது என்பதை அறியார், நல்லதையும் எறிந்துவிடுவர்.

முதலாவது, வடம். இயந்திரத்திலும் ஆளியிலும் வடம் செருகுமிடத்தே சிறு விளக்குகள் உள. அவை ஒளிராவிடின் வடத்தையோ செருகுமிடத்தையோ ஐயுறுக. ஈதர்நெற் வடத்தினுள் நான்கு சோடிகளாக எட்டுக் கம்பிகள் முறுக்கப்பட்டுள்ளன. அதன் நீளம் 100 மீற்றருக்கு மேற்படலாகாது. அகழ்வுக் கூடங்களில் வெப்பமும் தூசும் விசிறிகளின் அதிர்வும் மிகுதி; செருகியின் பிடி தளர்வதற்கு இவை போதும். நன்றெனத் தெரிந்த ஒரு வடத்தைச் செருகிப் பார்த்தல் எளிதும் சிறந்ததுமான சோதனையாகும்.

இரண்டாவது, முகவரி. வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி ஒன்று வேண்டும். பொதுவாக அதனை டிஎச்சிபி என்னும் முறைப்படி வழிப்படுத்தி வழங்கும். 192.168.1.1 முதல் 192.168.1.254 வரை அமைந்த வலையமைப்பில் 254 முகவரிகளே உள. அவற்றுள் ஒன்றை வழிப்படுத்தி கொள்ளும். முந்நூறு இயந்திரங்களை அங்கு இணைப்பின், பிந்தி வந்தவை முகவரியின்றி நிற்கும். அவற்றின் உறுப்புகள் அனைத்தும் பழுதற்றனவாக இருப்பினும் தொடர்பு கிட்டாது. ஒரே முகவரியை இரு இயந்திரங்களுக்குக் கையால் இட்டுவிடின், அவை மாறி மாறித் தொடர்பை இழக்கும். முகவரி அறியப்படாதவிடத்து, வழிப்படுத்தியிலுள்ள பட்டியலை நோக்கியோ, ஆன்ட்மைனர் போன்றவற்றில் அதற்கென அமைந்த பொத்தானை அழுத்தியோ அறியலாம்.

மூன்றாவது, வெளிவழி. இயந்திரத்திலிருந்து வடத்தைக் கழற்றி ஒரு மடிக்கணினியிற் செருகி, பிங் என்னும் கட்டளையால் மூன்று சோதனைகளைச் செய்க. முதலில் வழிப்படுத்தியின் முகவரியையும், அடுத்து 8.8.8.8 போன்ற ஒரு வெளி முகவரியையும், இறுதியிற் கூட்டின் பெயரையும் அழைத்துப் பார்க்க. முதலாவதே தவறின் குறை கட்டிடத்தினுள் உள்ளது. முதலாவது வெற்றியுற்று இரண்டாவது தவறின் குறை வழிப்படுத்தியிலோ சேவை நிறுவனத்திலோ உள்ளது. இரண்டும் வெற்றியுற்று, பெயர் மட்டும் அறியப்படவில்லை எனின், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் ஏற்பாட்டிற் குறை உண்டு. மூன்றும் நிறைவேறின் ஐயத்துக்குரியன இயந்திரமும் கூட்டுக்குச் செல்லும் வாயிலுமேயாம்.

நான்காவது, அவ்வாயில். ஒரு சேவையகத்தில் இலக்கமிட்ட துறைகள் பல உண்டு. அகழ்வுக் கூட்டுகள் பெரும்பாலும் 3333 போன்ற இலக்கங்களைப் பயன்படுத்துகின்றன. தீச்சுவர் அவ்விலக்கத்தை மறித்திருப்பின், பிங் சோதனை வெற்றியுற்றும் அகழ்வு நடவாது. மறுதலையாக, சில சேவையகங்கள் பிங் அழைப்புக்கு மறுமொழி தருவதில்லை. அதுகொண்டு அவை செயலற்றன எனக் கொள்ளுதல் தவறு. ஆகவே துறையையே நேராகச் சோதித்தல் வேண்டும். 443 போன்ற பொது இலக்கங்களைச் சில கூட்டுகள் மாற்று வாயிலாக வைத்திருப்பது இவ்விடர் பற்றியே.

ஐந்தாவது, எழுத்துப்பிழை. கூட்டின் முகவரியில் ஓர் இடைவெளி மிகினும், கணக்குப் பெயரையும் இயந்திரப் பெயரையும் பிரிக்கும் புள்ளி விடுபடினும் சேவையகம் ஏற்காது. இயந்திரத்தில் மூன்று கூட்டுகளைக் குறித்துவைக்க இடமுண்டு. மூன்றிடத்தும் ஒரே முகவரியை இடுவோர், அவ்வசதியின் பயனை இழப்பர்.

ஆறாவது, மறுக்கப்பட்ட சான்றுகள். தொடர்பு நிலைத்திருந்தும் அனுப்பிய சான்றுகள் பழையன என மறுக்கப்படும் வீதம் உயருமாயின், காரணம் பெரும்பாலும் காலத்தாழ்வே. பிங் காட்டும் மில்லிசெக்கன் அளவை ஒப்புநோக்கி, அண்மையிலுள்ள சேவையகத்தைத் தெரிதல் அதற்குப் பரிகாரமாகும்.

இணைந்தும் இணையாமை

விளக்குகள் எரிகின்றன; கூட்டு உயிருடன் உள்ளது; சான்றுகள் ஏற்கப்படுகின்றன; வருவாய் மட்டும் வரவில்லை. இந்நிலையும் உண்டு. 2014ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் மே வரை, இணையத்தின் பெருவழிகளை அறிவிக்கும் பிஜிபி என்னும் ஏற்பாட்டிற் பொய்யறிவிப்புகளைப் புகுத்தி, கூட்டுகளுக்குச் செல்ல வேண்டிய இயந்திரங்களை ஒரு கள்வன் தன் சேவையகத்துக்குத் திருப்பினான். டெல் செக்யூர்வேர்க்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் இதனைக் கண்டறிந்து, ஏறத்தாழ 83,000 அமெரிக்க டொலர் பெறுமதியான நாணயம் கவரப்பட்டதென மதிப்பிட்டனர். இயந்திரங்கள் ஓயாது உழைத்தன. பயன் பிறன் கைக்குச் சென்றது. ஸ்ட்ராட்டத்தின் முதற் பதிப்பு செய்தியை மறைகுறியாக்குவதுமில்லை. எதிரிலிருப்பவர் யார் என்பதைச் சரிபார்ப்பதுமில்லை. இக்குறையே கள்வனுக்கு வழி திறந்தது.

தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விடுவோர்க்கும் இத்தகைய கேடு நேரலாம். உட்புகுந்த எவரும் கூட்டின் பெயரைத் தம் கணக்குக்கு மாற்றிவிடலாம். ஆதலால் இயந்திரத்தில் எழுதப்பட்ட முகவரியையும், கூட்டின் பேரேட்டிற் காணும் உழைப்பின் அளவையும் அடிக்கடி ஒப்புநோக்குதல் கடனாகும்.

கைக்கு அப்பாற்பட்ட குறைகளும் உண்டு. சீனா 2021இல் அகழ்வைத் தடை செய்தபின் பல இயந்திரங்கள் கசாக்ஸ்தானுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் உலக அகழ்வில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு அந்நாட்டில் நிகழ்ந்ததெனக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிப்புக் கூறிற்று. 2022 ஜனவரி 5ஆம் நாள், மக்கட் கிளர்ச்சியின் நடுவே அந்நாடு முழுவதும் இணையம் துண்டிக்கப்பட்டது. உலகின் மொத்த அகழ்வு வேகமும் குறைந்தது. அன்று அங்கு எந்த வடத்தை மாற்றியும் பயனில்லை. அத்தகைய வேளையிலும் படிமுறை ஆராய்வு பயன் தருவதே. தன் கட்டிடத்தினுள் குறையில்லை என்று தெளிந்தவன், நல்ல இயந்திரத்தைப் பிரித்துக் கெடுக்கமாட்டான்.

இதுகாறும் கூறியவற்றால், அகழ்வு இயந்திரத்தின் மதிப்பு அதன் வேகத்தில் மாத்திரம் தங்கியிருப்பதன்று என்பதும், செய்த உழைப்பு உரிய இடத்தை உரிய காலத்தில் அடைதலே பயன் என்பதும் பெறப்படும். கல்லூரி ஆய்வுகூடத்துக் கணினி இணையத்தை இழந்த வேளையிலும் மாணவர் கைக்கொள்ளத்தக்க முறை இதுவே: விளக்கை நோக்குக, முகவரியை நோக்குக, வழியை நோக்குக, வாயிலை நோக்குக; ஒருமுறைக்கு ஒன்றை மாற்றுக; கண்டதைக் குறித்துவைக்குக. பொருட்செலவின்றியே பெரும்பாலான குறைகள் இம்முறையால் வெளிப்படும்.