போர்டுல லினக்ஸ் ஓடுது சரி, டெஸ்க்டாப் ஓடுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ரிஸ்க்-ஃபைவ் போர்டு வாங்கலாமா என்று யோசிக்கிறீங்களா? "லினக்ஸ் சப்போர்ட் உண்டு" என்று பெட்டியிலேயே போட்டிருப்பாங்க. அது பாதி உண்மைதான். கெர்னல் பூட் ஆகி கருப்புத் திரையில் லாகின் கேட்பது ஒரு விஷயம். மவுஸை இழுத்தால் விண்டோ திக்காமல் கூடவே வருவது முற்றிலும் வேறு விஷயம். இந்த ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு வேலை இருக்கு என்பதை டெபியனை வைத்துப் பார்ப்போம்.

ரிஸ்க்-ஃபைவ் 2010-இல் பெர்க்லியில் தொடங்கியது. நம்ம ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசஸரும் இதே குடும்பம்தான். டெபியனில் இதற்கான போர்ட் 2018-லிருந்தே ஓரமாக நடந்துட்டு இருந்தது. 2023 ஜூலையில் அதிகாரப்பூர்வ ஆர்க்கிடெக்சர் ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-தான் இதைச் சேர்த்துக்கொண்ட முதல் ஸ்டேபிள் வெளியீடு.

ஏன் இவ்வளவு வருஷம்? சோர்ஸ் கோடு எல்லாம் கையில்தானே இருக்கு, கம்பைல் பண்ணினால் போதாதா?

போதாது. ஒரு பேக்கேஜ் ஓட என்ன வேணும் என்பது ஒரு பட்டியல். அதை பில்ட் பண்ண என்ன வேணும் என்பது இன்னொரு பட்டியல். இந்த ரெண்டாவதுதான் தலைவலி. ஜிசிசி முழுசாக பில்ட் ஆக சி லைப்ரரி வேணும். சி லைப்ரரி பில்ட் ஆக ஜிசிசி வேணும். கோழி முதலா முட்டை முதலா கதைதான். இதை உடைக்க, வேறொரு மெஷினில் உட்கார்ந்து, சி லைப்ரரியே இல்லாத ஒரு அரைகுறை ஜிசிசியை முதலில் கட்டுவாங்க. அதை வைத்து சி லைப்ரரி, அப்புறம் அந்த லைப்ரரியோடு முழு ஜிசிசி.

இந்த மாதிரி வளையங்கள் மேலே போகப் போக நிறைய வரும். கிராபிக்ஸ் பக்கம் ஒரு நல்ல உதாரணம்: மெசாவும், வீடியோ டிகோடிங்குக்கான லிப்விஏவும். ஒன்று மற்றொன்றைக் கேட்கும். அதனால் லிப்விஏவை முதலில் ஓபன்ஜிஎல் இல்லாமல் பில்ட் பண்ணி, மெசாவை முடித்து, திரும்ப லிப்விஏவை முழுசாக பில்ட் பண்ணலாம். டெபியனில் இதற்கென்றே பில்ட் ப்ரொஃபைல் என்று ஒரு வசதி இருக்கு. டாக்குமென்டேஷன் வேண்டாம், டெஸ்ட் வேண்டாம், இந்த ஃபீச்சர் இப்போதைக்கு வேண்டாம் என்று கழற்றிவிட்டு, குறைந்த டிபெண்டென்சியோடு பில்ட் பண்ணலாம். என் கணக்கில் போர்ட்டிங்கில் பாதி வேலை கோடு எழுதுவது இல்லை, எதைக் கழற்றலாம் என்று கண்டுபிடிப்பதுதான்.

எதிர்பார்க்காத இடத்தில் மாட்டுவதும் உண்டு. எஸ்விஜி ஐகான் வரையும் லிப்ஆர்எஸ்விஜி முன்பு சி மொழியில் இருந்தது, பிறகு ரஸ்ட்டுக்கு மாறியது. க்னோம் டெஸ்க்டாப்புக்கு அது வேணும். ஆக ஒரு ஐகானைக் காட்ட, புது சிப்பில் ரஸ்ட் கம்பைலர் ஓடணும். ரஸ்ட்டுக்கு எல்எல்விஎம் வேணும். ரஸ்ட்டை பில்ட் பண்ண ஏற்கெனவே ஒரு ரஸ்ட்டும் வேணும்!

சரி, எல்லாம் பில்ட் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். திரையில் யார் வரைவது?

போர்டில் ஜிபியு இருந்தாலும், அதற்கு கெர்னலில் ஒரு டிரைவர், மெசாவில் ஒரு டிரைவர், பல சமயம் ஃபர்ம்வேர் என்று மூன்றும் சேரணும். விஷன்ஃபைவ் 2 போர்டில் இருப்பது இமாஜினேஷன் நிறுவனத்தின் ஜிபியு. இந்த வகை ஜிபியுக்களுக்கு நீண்ட காலம் மூடிய டிரைவர்தான். மூடிய டிரைவரை டெபியன் தானாக பில்ட் பண்ண முடியாது, விற்பவர் கொடுத்த பழைய இமேஜிலேயே நீங்க மாட்டிக்கணும்.

டிரைவர் இல்லையென்றால் வேலை சிபியு தலையில் விழும். மெசாவின் எல்எல்விஎம்பைப் ஓடும்போதே மெஷின் கோடு உருவாக்கி வேகமாக வரையும். ஆனால் அது நம்பியிருந்த எல்எல்விஎம்மின் பழைய ஜிட் முறை ரிஸ்க்-ஃபைவில் கைகொடுக்கவில்லை. ஆர்க் என்ற புதிய ஜிட் முறைக்கு ஆதரவு சேர்த்த பிறகுதான் அது நிமிர்ந்தது. அதுவரை சாஃப்ட்பைப்தான் கதி. அதில் க்னோம் பார்ப்பது ஸ்லைடு ஷோ பார்ப்பது மாதிரி.

பிசிஐஇ ஸ்லாட் உள்ள போர்டு என்றால் ரேடியான் கார்டு செருகலாம், அதன் டிரைவர் திறந்த மூலம். அதிலும் ஒரு முள் இருந்தது: புதிய கார்டுகளின் டிஸ்ப்ளே கோடு கெர்னலுக்குள்ளேயே ஃப்ளோட்டிங் பாயின்ட் கணக்கு போடும். ரிஸ்க்-ஃபைவ் கெர்னலில் அதற்கு அனுமதி 2024-இல் வந்த லினக்ஸ் 6.10-இல்தான் கிடைத்தது.

போர்டு வாங்கும் முன் கடைக்காரரிடம் ரேம் எவ்வளவு என்று கேட்பதைவிட, ஜிபியு பெயர் கேளுங்க. அந்தப் பெயருக்கு கெர்னலிலும் மெசாவிலும் டிரைவர் இருக்கா என்று தேடுங்க. கையில் போர்டு இருந்தால் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ ஓட்டி ரெண்டரர் வரியைப் பாருங்க. எல்எல்விஎம்பைப் என்று வந்தால் உங்க ஜிபியு சும்மா தூங்கிட்டு இருக்கு. போர்டே இல்லாதவங்க லேப்டாப்பில் இருக்கும் டெபியனில் சோர்ஸ் ரெபோவை ஆன் செய்து, மெசாவின் பில்ட்-டிபெண்ட்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்க. பல பெயர்களுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஆர்க்கிடெக்சர் பெயர்கள் இருக்கும். எதில் ரிஸ்க்-ஃபைவ் இருக்கு, எதில் இல்லை என்று எண்ணிப் பாருங்க.