இரு மொழி அறிந்த கடைக்காரர்

எங்கள் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. ஆயினும் இங்கே தமிழும் தெலுங்கும் இன்றும் உடன்பிறப்புகளே. ஆடிக் கிருத்திகைக்கு வரும் அன்பர் தெலுங்கில் கேட்பார். மலையடிவாரக் கடைக்காரர் அதை உள்ளேயிருக்கும் பையனிடம் தமிழில் சொல்லிப் பொருளை வாங்கித் தருவார். இக்காட்சியை நினைவில் கொண்டால் கணினி பற்றிய ஒரு செய்தி எளிதில் விளங்கும்.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றுள் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தோழியின் அக்காளுக்குக் கிடைத்த கணினியில் வைரஸ் புகுந்து, விண்டோஸ் பகுதி திறக்கவில்லை. "பழைய இரும்புக் கடைக்குப் போடலாம்" என்றார் அவள் தந்தை. லினக்ஸ் நன்றாகவே ஓடியது. ஆனால் தம்பியின் கார் பந்தய விளையாட்டோ விண்டோஸுக்கென எழுதப்பட்டது!

விளையாட்டு, "படம் வரை, ஒலி எழுப்பு" என்று விண்டோஸின் மொழியில் கேட்கிறது. லினக்ஸுக்கு அம்மொழி தெரியாது. நடுவே நின்று மொழிபெயர்ப்பது, 1993-இல் தொடங்கப்பட்ட 'ஒயின்' என்னும் இலவச மென்பொருள். பெயரைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம்! அது கணினிக்குள் இன்னொரு போலிக் கணினியை உண்டாக்குவதில்லை. கேட்பதை மாற்றிச் சொல்கிறது, அவ்வளவே. ஆகவே வேகம் அதிகம் குறைவதில்லை.

விளையாட்டு ஓடியது, ஆனால் வளைவுதோறும் திக்கியது. காரணம் என்ன? ஒளி, நிழல் முதலியவற்றைத் தீட்ட 'ஷேடர்' என்னும் சிறு நிரல்கள் உள்ளன. புதிய காட்சி வரும்போது அவற்றை வரைகலைச் சில்லுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அதுவரை ஆட்டம் நிற்கிறது. மாற்றியதை வட்டில் சேமித்துக்கொண்டால் அடுத்த முறை தாமதமில்லை. புதுச் சொல்லைக் கேட்ட கடைக்காரர் முதல் தடவை மட்டும் யோசிப்பதில்லையா?

ஆகையால் நாங்கள் செய்தவை இவை: வரைகலை இயக்கியைப் புதுப்பித்தோம், நிழலின் தரத்தைக் குறைத்தோம், மற்ற நிரல்களை மூடினோம், மின்கலச் சிக்கன முறையை நிறுத்தினோம், சேமித்த ஷேடர்களை அழிக்காமல் விட்டோம். மூன்றாம் நாள் பந்தயம் சீராக ஓடிற்று.

புதிய கணினிகளுக்கு, வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 'புரோட்டான்' இப்பணியை இன்னும் எளிதாக்குகிறது. எனினும், ஏமாற்றுவோரைத் தடுக்கும் காவல் நிரல் கொண்ட சில இணைய விளையாட்டுகள் லினக்ஸில் நுழைய மறுக்கின்றன. அவற்றை விட்டுவிடுவதே நலம்.

இப்போது தம்பி மாலையில் அரைமணி நேரம் ஆடுகிறான். பிறகு அதே கணினியில் நாங்கள் பாடக் குறிப்புகளைத் தட்டச்சு செய்கிறோம். இரும்புக் கடைப் பேச்சைத் தந்தையும் மறந்துவிட்டார். திக்குகிறது என்பதற்காக எதையும் எறிந்துவிடலாமா, தோழியரே?